கூடைப்பந்தின் ஆரம்பக்கால ஆட்டக்காரர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மைதானத்தில் ஆட வரும் பிள்ளைகளும் அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரும், பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் எல்லாருக்கும் உதவும் என்று தோன்றியது. 1891இல் ஆட்டம் பிறந்ததிலிருந்து 1950களின் நடுப்பகுதி வரையிலான காலத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகள் இருக்கின்றன. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பி நிற்பதால், வரிசையாகப் படித்தால் சுலபமாகப் பிடிபடும்.

கூடைப்பந்தை முதன்முதலில் ஆடினது யாரு?

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் படித்த 18 மாணவர்கள். 1891 டிசம்பரில், குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆட ஒரு விளையாட்டு வேண்டும் என்று அவர்களுடைய ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 13 விதிகளை எழுதி ஒட்டினார். பீச் பழக் கூடைகள் இரண்டை மாடிக் கைப்பிடியில் ஆணி அடித்து மாட்டினார்கள். அந்தக் கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்தது. இன்றைக்கும் வளையத்தின் உயரம் 10 அடிதான்.

பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்து, கால்பந்து. அந்த முதல் ஆட்டத்தில் விழுந்தது ஒரே ஒரு கூடை, அதைப் போட்டவர் வில்லியம் சேஸ். அந்த 18 பேரில் கென்சாபுரோ இஷிகாவா என்ற ஜப்பானிய மாணவரும் இருந்தார். அந்த ஆட்டத்தை அவர் வரைந்த படம் இன்றும் நமக்குக் கிடைக்கிறது. இந்தப் பதினெட்டுப் பேரையும் ஒரே அணியாகக் கணக்கில் எடுத்து, 1959இல், கூடைப்பந்தில் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் ஸ்பிரிங்ஃபீல்டின் புகழ் மண்டபம் தன் முதல் பட்டியலிலேயே சேர்த்தது.

நம்ம ஊருக்கும் அந்த ஆளுங்களுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

நேரடியாகவே உண்டு. சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி குரோ பக், ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். நெய்ஸ்மித் கூடை மாட்டிய அதே பள்ளியிலிருந்து வந்தவர்தான். நம் பக்கத்துப் பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்கள் பலர் அந்தக் கல்லூரியில் பயின்றவர்கள்.

அப்பல்லாம் ஸ்கோர் ஏன் இவ்ளோ கம்மி? ஒலிம்பிக் ஃபைனலே 19-8னு போட்டிருக்கே!

இந்த ஒரு கேள்விக்குப் பதில் புரிந்துவிட்டால் மீதிப் பாதி தானாகப் புரிந்துவிடும். பழைய ஆட்டக்காரர்களை அவர்கள் எடுத்த புள்ளிகளை வைத்து மட்டும் எடை போடக் கூடாது. எந்த விதிகளுக்குள், எப்படிப்பட்ட பந்தை வைத்து ஆடினார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். 1937 வரை ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை மைதானத்தின் நடுவுக்குக் கொண்டுபோய், மறுபடி ஜம்ப் பால் (நடுவர் மேலே எறியும் பந்தை இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் எகிறித் தட்டுவது) போட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்கினார்கள். அதிலேயே நேரம் கரைந்தது. இத்தனை வினாடிக்குள் ஷாட் அடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது, முன்னிலையில் இருக்கும் அணி பந்தைக் கைமாற்றிக்கொண்டே நிற்கலாம். பந்தோ, கயிறு கட்டி மூடிய தோல் பந்து. கட்டுப் பகுதி தரையில் பட்டால் எந்தப் பக்கம் எகிறும் என்று சொல்ல முடியாது.

நீங்கள் கேட்டது 1936 பெர்லின் ஒலிம்பிக். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடந்த இறுதி ஆட்டத்தைத் திறந்தவெளியில், மண் தரை டென்னிஸ் மைதானத்தில் வைத்தார்கள். மழை கொட்டியது. சேற்றில் பந்து எழும்பவே இல்லை, அப்புறம் எங்கே தட்டிக்கொண்டு ஓடுவது? அந்த ஆட்டத்தில் பேர் வாங்கிய ஜோ ஃபோர்ட்டன்பெரி 6 அடி 8 அங்குல உயரம். நெய்ஸ்மித்தும் அந்த ஒலிம்பிக்கை நேரில் பார்த்தார்.

பழைய ரெக்கார்டுல டீமோட ஃப்ரீ த்ரோ எல்லாத்தையும் ஒரே ஆள் போட்ட மாதிரி இருக்கே, தப்பா எழுதிட்டாங்களா?

சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். எதிரணி பவுல், அதாவது விதிமீறல் செய்தால், யாரும் தடுக்காமல் வளையத்தை நோக்கி அடிக்கக் கிடைக்கும் வாய்ப்புதான் ஃப்ரீ த்ரோ. கல்லூரி ஆட்டத்தில் 1923-24 பருவம் வரும்வரை, யார் மீது பவுல் நடந்தாலும் அணியில் குறி தவறாத ஒருவரே எல்லா ஃப்ரீ த்ரோவையும் அடிக்கலாம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஸ்டைன்மெட்ஸ் 1904-05 பருவத்தில் பெலாய்ட் கல்லூரிக்கு எதிராக 44 புள்ளிகள் எடுத்தார் என்று படிக்கும்போது இதையும் நினைவில் வையுங்கள். அவருடைய பெருமை இதனால் குறையவில்லை. எதிரணி மொத்தமாகவே 15, 20 புள்ளிகளில் நின்றுவிடும் காலம் அது.

காசு வாங்கிட்டு ஆடின முதல் ஆட்டக்காரர் யார்?

நியூ ஜெர்சியின் டிரென்டன் நகர அணி 1896இல் ஒரு கூடம் வாடகைக்கு எடுத்து, டிக்கெட் போட்டு ஆடியது. செலவு போக மிஞ்சியதைப் பிரித்தபோது ஆளுக்கு 15 டாலர் வந்தது என்றும், கேப்டன் ஃபிரெட் கூப்பருக்கு ஒரு டாலர் கூடக் கொடுத்தார்கள் என்றும் சொல்வார்கள். குட்டைக் குட்டை பாஸ்களாகப் போட்டு முன்னேறும் ஆட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் கூப்பர் முக்கியமானவர்.

மைதானத்தைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு அடிக்கும் வழக்கமும் டிரென்டனில்தான் பிறந்தது. பந்து வெளியே போகாது, பார்வையாளர் கூட்டமும் உள்ளே வராது. ஆனால் ஆட்டக்காரர் வலையில் மோதினால் உடம்பில் கம்பியின் தடம் விழும். அமெரிக்கச் செய்தித்தாள்கள் கூடைப்பந்து ஆட்டக்காரர்களைக் ‘கேஜர்’ என்று எழுதுவது இந்தக் கூண்டை வைத்துத்தான்.

உயரம் கம்மியா இருக்கிறவங்களுக்கு அந்தக் காலத்துல இடம் இருந்துச்சா?

தாராளமாக இருந்தது. பார்னி செட்ரன் 5 அடி 4 அங்குலம்தான். நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில், யூதக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் வளர்ந்தவர். 1910களில் சம்பளத்துக்கு ஆடியவர்களில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்பட்டார். வளையத்துக்குப் பின்னால் பலகை இல்லாத மைதானத்தில், ஒரே ஆட்டத்தில் 17 கூடைகள் போட்டார். பலகை இல்லை என்றால் பந்தைப் பட்டு விழவைக்க வழியே இல்லை, நேராக வளையத்துக்குள் போக வேண்டும்.

அவரும் மார்ட்டி ஃபிரீட்மனும் சேர்ந்தே ஆடியதால் ‘சொர்க்கத்து இரட்டையர்’ என்று அழைத்தார்கள். அந்தக் காலத்தில் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா பக்கம் யூத இளைஞர்கள்தான் ஆட்டத்தின் முதுகெலும்பு. மைதானம் சிறிது, பந்தும் ஒன்று போதும், ஏழைக் குடும்பத்துப் பையனுக்குக் கட்டுப்படியானது.

ஒரிஜினல் செல்டிக்ஸும் பாஸ்டன் செல்டிக்ஸும் ஒண்ணுதானே?

இல்லை. பாஸ்டன் செல்டிக்ஸ் 1946இல் வந்த அணி. ஒரிஜினல் செல்டிக்ஸ் நியூயார்க்கைச் சேர்ந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு ஜிம் ஃப்யூரி என்பவர் அதை மறுபடி கட்டி எழுப்பினார். அதுவரை எந்த அணி அதிகம் கொடுக்கிறதோ அன்றைக்கு அங்கே போய் ஆடுவது ஆட்டக்காரர்களின் வழக்கம். ஃப்யூரி தன் ஆட்களை ஒப்பந்தம் போட்டுத் தன்னிடமே வைத்துக்கொண்டார். ஒரே ஆட்கள் தினமும் சேர்ந்து ஆடியதால் ஒருவர் எங்கே ஓடுவார் என்று மற்றவருக்குப் பார்க்காமலே தெரிந்தது. 1926-27, 1927-28 இரண்டு பருவங்களிலும் அமெரிக்கன் கூடைப்பந்து லீக் பட்டத்தை வென்றார்கள். மற்ற அணிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று 1928இல் அணியையே கலைத்து, ஆட்களைப் பிரித்துவிட்டார்கள்.

ஜானி பெக்மன், நாட் ஹோல்மன், பீட் பேரி, ஜோ லாப்சிக், டச் டேனர்ட் என்று பெயர்களைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். லாப்சிக் 6 அடி 5 அங்குலம். ஒவ்வொரு கூடைக்கும் ஜம்ப் பால் இருந்த காலத்தில் அவ்வளவு உயரமான சென்டர் (வளையத்துக்குப் பக்கத்தில் ஆடும் ஆள்) கையில் இருந்தால், கூடை போட்ட அணிக்கே மறுபடி பந்து கிடைக்கும்.

பிவட் ஆட்டத்தைக் கண்டுபிடிச்சது யாரு? வளையத்துக்கு முதுகு காட்டி நிப்பாங்களே, அது.

மேலே சொன்ன டச் டேனர்ட்டின் பெயரோடுதான் அது சேர்ந்திருக்கிறது. சட்டனூகாவில் ஒரு எதிரணி, ஒரு தடுப்பாட்டக்காரரை வளையத்தின் அருகிலேயே நிறுத்தி வைத்திருந்தது. வெட்டிக்கொண்டு உள்ளே ஓடும் செல்டிக்ஸ்காரர்களுக்கு அவர் பெரிய இடைஞ்சல். கனமான உடம்புக்காரரான டேனர்ட், தானே போய் அவருக்கு முன்னால் முதுகு காட்டி நின்றுகொண்டார். வரும் பந்தை வாங்கி, பக்கத்தில் ஓடிவரும் கூட்டாளிக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். பொறுமை இழந்த அந்தத் தடுப்பாட்டக்காரர் ஒரு பக்கமாகக் கையை நீட்டிப் பந்தைத் தட்டப் பார்த்தார். டேனர்ட் மறுபக்கமாகத் திரும்பினார், எதிரில் ஆளே இல்லை, கூடை.

இதே மாதிரி உள்ளே நின்று விளையாடுவதை அவருக்கு முன்பும் சிலர் செய்திருக்கலாம். ஆனால் அதை ஒரு முழு முறையாக்கி, ஊர் ஊராகப் போய் ஆடிக்காட்டியது செல்டிக்ஸ்தான்.

கறுப்பின ஆட்டக்காரர்கள் 1950க்கு முன்னாடி ஆடவே இல்லையா?

ஆடினார்கள். ஆடியவர்களில் ஒரு அணி அந்தக் காலத்தின் எந்த அணிக்கும் சளைத்ததில்லை. 1923இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பாப் டக்ளஸ் தொடங்கிய நியூயார்க் ரெனசான்ஸ், சுருக்கமாக ரென்ஸ். டக்ளஸ் கரீபியத் தீவான செயின்ட் கிட்ஸில் பிறந்தவர். ஹார்லெமில் ரெனசான்ஸ் என்ற நடனக்கூடம்தான் அவர்களுடைய மைதானம். முதலில் ஆட்டம், அப்புறம் அதே தரையில் நடனம். ஃபேட்ஸ் ஜென்கின்ஸ், பில் யான்சி, ஐர் செய்ச், பாப்பி ரிக்ஸ், ஜான் ஹோல்ட், டார்சன் கூப்பர், வீ வில்லி ஸ்மித் என்ற ஏழு பேரும் சேர்ந்து 1932-33 பருவத்தில் தொடர்ந்து 88 ஆட்டங்கள் ஜெயித்தார்கள்.

லீக்குகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் சொந்தப் பேருந்தில் ஊர் ஊராக அலைந்தார்கள். பல ஊர்களில் ஹோட்டலில் அறை கிடைக்காது, உணவகத்தில் சாப்பாடு கிடைக்காது. பேருந்திலேயே சாப்பிட்டு, நூற்றுக்கணக்கான மைல் தள்ளிப் போய்ப் படுத்துவிட்டு, மறுநாள் ஆட வருவார்கள். எதிரணி ஆளே கூட்டாளியாக நடந்ததும் உண்டு. செல்டிக்ஸின் லாப்சிக், நடு மைதானத்தில் கைகுலுக்க வேண்டிய இடத்தில் டார்சன் கூப்பரைக் கட்டிப்பிடிப்பாராம், வெள்ளையர் கூட்டம் பார்க்கும்படியே.

1939இல் சிகாகோவில் முதன்முறையாக நடந்த உலக தொழில்முறைப் போட்டியில் கறுப்பின அணிகளையும் விட்டார்கள். இறுதி ஆட்டத்தில் ரென்ஸ் 34-25 என்று ஆஷ்காஷ் ஆல்-ஸ்டார்ஸை வென்றது. வென்றவர்களுக்குக் கிடைத்த ஜாக்கெட்டின் முதுகில் ‘கறுப்பின உலக சாம்பியன்கள்’ என்று தைத்திருந்தது. ஜான் ஐசக்ஸ் ஒரு பிளேடை வாங்கி, ‘கறுப்பின’ என்ற சொல்லின் தையலை மட்டும் பிரித்து எடுத்துவிட்டார். ஜாக்கெட்டைக் கெடுக்கிறாயே என்று டக்ளஸ் கேட்டபோது, இப்போதுதான் அது சரியாக இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னாராம்.

ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் வேடிக்கை காட்டுற டீம்தானே, அவங்களையும் இதுல சேர்க்கலாமா?

கட்டாயம் சேர்க்க வேண்டும். வேடிக்கை பின்னால் பெருகியது. பெயரில் ஹார்லெம் இருந்தாலும் அவர்கள் சிகாகோக்காரர்கள். மேலே சொன்ன உலகப் போட்டியை 1940இல் வென்றவர்கள் இவர்கள்தான். வழியில் தோற்கடித்த அணிகளில் ரென்ஸும் ஒன்று.

1948 பிப்ரவரியில் சிகாகோவில், ஜார்ஜ் மைக்கன் ஆடிய மினியாபொலிஸ் லேக்கர்ஸை 61-59 என்று தோற்கடித்தார்கள். கடைசி வினாடியில் எர்மர் ராபின்சன் தூரத்திலிருந்து அடித்த ஷாட் உள்ளே விழுந்தது. அடுத்த ஆண்டும் வென்றார்கள். மார்க்கெஸ் ஹேன்ஸ் தரையில் படுத்தபடியும் பந்தைத் தட்டுவார். சிரிக்க வைத்தாலும், அவர் கையிலிருந்து பந்தைப் பறிக்க உண்மையான தடுப்பாட்டக்காரர்களாலும் முடியவில்லை.

பெண்கள்ல யாரும் பேர் வாங்கலையா?

ஆட்டம் பிறந்த சில மாதங்களிலேயே, ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் பக்கத்திலிருக்கும் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுத்துவிட்டார். 1893 மார்ச்சில் அங்கே நடந்த ஆட்டத்தைப் பார்க்க ஆண்களை உள்ளே விடவில்லை.

அணி என்று கேட்டால் கனடாவின் எட்மன்டன் கிராட்ஸ். பெர்சி பேஜ் என்ற பள்ளி ஆசிரியர் 1915இல் தன் மாணவிகளைக் கொண்டு உருவாக்கிய அணி. 1940இல் கலையும்வரை ஐந்நூறுக்கு மேற்பட்ட ஆட்டங்களை வென்றது, தோற்றவை இருபது சொச்சம்தான். மைதானத்தில் இறங்கிய அணிகளிலேயே மிகச் சிறந்தது என்று நெய்ஸ்மித்தே அவர்களுக்கு எழுதினார். பெண்கள் கூடைப்பந்து 1976 வரை ஒலிம்பிக்கில் பதக்கத்துக்கான ஆட்டமாக இல்லை, அதனால்தான் இவர்களுடைய பெயர் பதக்கப் பட்டியலில் இல்லை.

கன்வெர்ஸ் ஷூவுல இருக்கிற சக் டெய்லர் பெரிய ஆட்டக்காரரா?

சுமாரான ஆட்டக்காரர். தொழிற்சாலை அணிகளில் ஆடியவர். 1920களின் தொடக்கத்தில் கன்வெர்ஸில் விற்பனையாளராகச் சேர்ந்து, ஊர் ஊராகப் பயிற்சி முகாம் நடத்தியபடி ஷூ விற்றார். ஆட்டம் சிற்றூர்களுக்குப் பரவியதில் அவருக்குப் பங்கு உண்டு. 1969இல் புகழ் மண்டபத்தில் சேர்த்ததும் அதற்காகத்தான்.

ஒரு கையால ஷாட் அடிக்கிறதை லூயிசெட்டிதான் கொண்டுவந்தாராமே?

பரப்பியவர் அவர்தான். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் எல்லாரும் கால்களை ஊன்றி, இரண்டு கையாலும் மார்பிலிருந்து பந்தைத் தள்ளுவார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்த ஹாங்க் லூயிசெட்டி ஓடிக்கொண்டே ஒரு கையால் அடிப்பார். 1936 டிசம்பர் 30 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொடர்ந்து 43 ஆட்டங்கள் வென்றிருந்த லாங் ஐலண்டு பல்கலைக்கழகத்தை ஸ்டான்ஃபோர்டு 45-31 என்று சாய்த்தது. லூயிசெட்டி 15 புள்ளிகள். எதிரூர்க் கூட்டமே எழுந்து நின்று கைதட்டியது. அப்போது சிட்டி கல்லூரி கோச்சாக இருந்த செல்டிக்ஸ் பழைய ஆள் நாட் ஹோல்மனுக்கு இந்த ஒற்றைக் கை ஷாட் பிடிக்கவே இல்லை. ஆனால் மைதானங்களில் பையன்கள் அதைப் பழகத் தொடங்கிவிட்டார்கள்.

1938 புத்தாண்டு நாளில் டுகேன் அணிக்கு எதிராக லூயிசெட்டி தனியாக 50 புள்ளிகள் எடுத்தார். ஒவ்வொரு கூடைக்கும் ஜம்ப் பால் போடுவது நின்றுபோன முதல் பருவம் அது. போர்க்காலத்தில் கடற்படையில் இருந்தபோது மூளைக்காய்ச்சல் வந்து அவருடைய ஆட்டம் முடிந்துபோனது. தொழில்முறை லீக்கில் அவர் ஒரு நாளும் ஆடவில்லை.

அப்போ ஜம்ப் ஷாட்?

ஒரே ஒருவரைக் கைகாட்ட முடியாது. பல ஊர்களில் பல பையன்கள் தனித்தனியாகக் கண்டுகொண்டது. வயோமிங்கைச் சேர்ந்த கென்னி செய்லர்ஸ், தன்னைவிட மிக உயரமான ‘பட்’ என்ற அண்ணனுக்கு மேலே பந்தை அடிக்க வேண்டியிருந்ததால் எகிறி அடிக்கப் பழகினார். 1943இல் வயோமிங் பல்கலைக்கழகம் தேசியக் கல்லூரிப் பட்டம் வென்றபோது பலர் அந்த ஷாட்டைப் பார்த்தார்கள்.

பிற்பாடு அதை வைத்துப் புள்ளிகளைக் குவித்தவர் ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸின் ஜோ ஃபல்க்ஸ். அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை லீக் என்.பி.ஏ.; அதன் முன்னோடியான பி.ஏ.ஏ. லீக்கின் முதல் பருவத்திலேயே ஆட்டத்துக்குச் சராசரியாக 23.2 புள்ளிகள் எடுத்தார். 1949 பிப்ரவரியில் ஒரே ஆட்டத்தில் 63 எடுத்தார். அது பத்து வருடம் நின்ற சாதனை.

மைக்கனுக்காக விதியையே மாத்தினாங்கன்னு சொல்றது உண்மையா?

உண்மை. ஜார்ஜ் மைக்கன் 6 அடி 10 அங்குலம், தடித்த கண்ணாடி. டிபால் பல்கலைக்கழகத்தில் கோச் ரே மேயர் அவரைக் கயிறு தாண்ட வைத்து, நடனம் பழக வைத்து, குத்துச்சண்டைப் பயிற்சி கொடுத்து உருவாக்கினார். அவரும் ஓக்லஹோமாவின் 7 அடி பாப் கர்லண்டும் எதிரணி அடித்த பந்தை வளையத்துக்கு மேலேயே தட்டிவிட்டார்கள். 1944இல் கல்லூரி ஆட்டத்தில் அதைத் தடை செய்தார்கள். 1951இல் என்.பி.ஏ., வளையத்துக்கு முன்னால் இருக்கும் கட்டத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக அகலப்படுத்தியது. தாக்கும் அணியின் ஆள் அதற்குள் மூன்று வினாடிக்கு மேல் நிற்க முடியாது என்பதால் மைக்கன் தள்ளி நிற்க வேண்டியதாயிற்று. அப்படியும் எட்டுப் பருவத்தில் ஏழு பட்டம் வென்றார்.

1950 நவம்பர் 22 அன்று ஃபோர்ட் வெய்ன் அணி, மைக்கனைத் தடுக்க வேறு வழியில்லாமல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றது. லேக்கர்ஸ் 18-19 என்று தோற்றது, அந்த 18இல் மைக்கன் எடுத்தது 15. இந்த மாதிரி ஆட்டங்களைப் பார்க்க யார் காசு கொடுத்து வருவார்கள்? 1954இல், சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் சொன்ன 24 வினாடிக் கடிகாரம் வந்தது. 48 நிமிடம் என்றால் 2,880 வினாடி. நல்ல ஆட்டத்தில் இரண்டு அணியும் சேர்ந்து ஏறக்குறைய 120 ஷாட் அடிக்கும். வகுத்தால் 24.

என்.பி.ஏ.வின் முதல் கறுப்பின ஆட்டக்காரர்னு மூணு பேர் சொல்றாங்க. யார் சரி?

மூன்றும் சரி, எதில் முதல் என்பதுதான் வேறு. மூன்றும் 1950இல் நடந்தவை. டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், முதலில் தேர்வானவர் சக் கூப்பர், எடுத்தது பாஸ்டன். ஒப்பந்தத்தோடு சேர்த்துச் சொல்லப்படுபவர் நாட் ‘ஸ்வீட்வாட்டர்’ கிளிஃப்டன், நியூயார்க் நிக்ஸ். முதலில் மைதானத்தில் இறங்கியவர் எர்ல் லாய்டு, அக்டோபர் 31 அன்று வாஷிங்டனுக்காக. கிளிஃப்டன் சேர்ந்த நிக்ஸ் அணிக்கு அப்போது கோச், டார்சன் கூப்பரைக் கட்டிப்பிடித்த அதே ஜோ லாப்சிக்.

இவர்களுக்கும் முன்னால், 1947இலேயே வாட் மிசாகா என்ற ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர் நிக்ஸில் மூன்று ஆட்டங்கள் ஆடினார். வெள்ளையர் அல்லாத முதல் ஆட்டக்காரர் யார் என்று யாராவது கேட்டால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

மைக்கன் இன்னைக்கு ஆடினா தேறுவாரா?

நேர்மையாகச் சொன்னால், அவர் அன்றைக்கு ஆடிய மாதிரியே வந்து நின்றால் சிரமம்தான். 24 வினாடிக் கடிகாரம் வருவதற்கு முன் ஓய்வு பெற்றவர், 1955-56இல் திரும்பி வந்து 37 ஆட்டங்கள் ஆடினார். சராசரி 10.5 புள்ளிகளாக இறங்கிவிட்டது. வேக ஆட்டம் அவருக்கானது இல்லை.

ஆனால் வளையத்துக்கு அடியில் நின்று, வலது கையால் ஒன்று, விழும் பந்தைத் தரையில் படவிடாமல் பிடித்து இடது கையால் ஒன்று என்று மாறி மாறி அடிக்கும் பயிற்சியை இன்றைக்கும் எல்லா ஊர் கோச்சும் சொல்லிக்கொடுக்கிறார். அதன் பெயரே மைக்கன் பயிற்சி. அவர் பழகிய ஹூக் ஷாட்டுக்கான (ஒரு கையைத் தலைக்கு மேலே வளைத்து அடிப்பது) கால்வேலை அதில் முழுசாக இருக்கிறது. இன்றைய உணவும் பயிற்சியும் கிடைத்து வளர்ந்த மைக்கன் வேறு ஆளாக இருந்திருப்பார்.

இத்தனை பேர்ல ஒருத்தரைத்தான் சொல்லணும்னா யாரைச் சொல்வீங்க?

டார்சன் கூப்பர். 6 அடி 4 அங்குல சென்டர். லாப்சிக் தான் எதிர்கொண்ட சென்டர்களிலேயே இவரை உயர்த்திச் சொன்னார், சொன்னவர் அவரோடு நேரில் மோதியவர் என்பதால் அந்த வார்த்தைக்கு என்னிடம் மதிப்பு அதிகம். லீக்கில் சேர்த்துக்கொள்ளாததால் கூப்பருக்கு லீக் புள்ளிப் பட்டியல் கிடையாது, அதனால் பழைய எண்களை மட்டும் தேடுபவர்கள் அவரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1939இல் ரென்ஸோடு வென்ற உலகப் பட்டத்தை, 1943இல் வாஷிங்டன் பேர்ஸ் அணியோடு மறுபடியும் வென்றார். 1977இல் அவரைத் தனி ஆட்டக்காரராகப் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். அப்போது அவர் உயிரோடு இருந்தார்.